கேட்டவர் திரும்பி வந்து சொல்ல வேண்டும்

கேள்வி: காரைக்குடிப் பகுதியில் மாடியிலும் கொல்லையிலும் தோட்டம் போடுகிறவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். இருபது பேராக இருந்தபோது ஒரே வீட்டுக்காரர்கள் போலப் பேசிக்கொண்டோம். இப்போது 300 பேரைத் தாண்டிவிட்டது. ஒரே கேள்வி வாரந்தோறும் வருகிறது. நல்ல பதில்கள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடுகின்றன. விதிமுறை வைத்தால் பழையவர்கள் மனம் வருந்துவார்கள். நோய், விதை, உரம் என்று குழுவை ஐந்தாகப் பிரித்துவிடலாமா? – காரைக்குடி வாசகி

அன்புச் சகோதரிக்கு,

பிரிக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தக்காளிச் செடியின் இலை சுருண்டிருப்பதைக் காலையில் பார்த்துப் பதறுகிறவருக்கு, அது இலைப்பேனாலா, வெள்ளை ஈ பரப்பிய நச்சுயிரியாலா, பங்குனி வெயிலாலா என்று தெரியாது. தெரிந்தால் அவர் கேட்கவே மாட்டார். ஐந்து குழுக்கள் இருந்தால் எதில் கேட்பது என்று திகைத்து நிற்பார், அல்லது ஐந்திலும் போடுவார். கூட்டம் பெருகியது உங்கள் குழுவின் குறையன்று. கேள்வி முழுமையாக வராததும், பதிலின் விளைவு யாருக்கும் தெரியாமல் போவதுமே குறை. இந்த இரண்டை மட்டும் சரிசெய்யுங்கள்.

கேட்கிறவர்கள் நான்கு செய்திகளைச் சேர்த்துச் சொல்லட்டும்: எந்த ஊர், செடிக்கு நேர்வெயில் எத்தனை மணி நேரம், தண்ணீர் எப்போது எவ்வளவு, இலையின் மேற்புறமும் அடிப்புறமும் தெரியும்படி இரண்டு படங்கள். ஊரை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. செட்டிநாட்டுக் குழு என்றால் பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் இருப்பவர்களோடு சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பால்கனியில் தொட்டி வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். ஆண்டு முழுவதும் மழை பெய்கிற ஊரிலிருந்து வரும் நல்ல யோசனை, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, மற்ற மாதங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் செம்மண்ணை நனைக்கிற நமக்குப் பொருந்தாமல் போகலாம். தண்ணீரைப் பற்றிய கேள்வியும் அப்படித்தான். தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் நோய் என்று எண்ணி மருந்தடிப்பவர்கள் உண்டு. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றியதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை என்பதே பெரும்பாலும் அதன் காரணம். தண்ணீர் ஊற்றிய விவரத்தைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இதைப் படிவமாக்கிவிடாதீர்கள். எழுபது வயது ஆச்சி ஒருவருக்குத் தட்டச்சு வராது; ஆனால் வளவு ஓரத்துச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தபோது என்ன செய்தார் என்பதைக் குரல்பதிவில் இரண்டு நிமிடம் சொல்லிவிடுவார். விதி அவரை வாயடைக்கச் செய்தால் அந்தக் குழுவில் பிறகு கேட்க என்ன இருக்கிறது? இந்த நான்கும் அவர் பேச்சில் வந்தால் போதும். விட்டுப்போனதை இளையவர் யாராவது அன்பாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாவது, நான் பெரிதும் வற்புறுத்த விரும்புவது: கேட்டவர் பதினைந்து நாளில் திரும்பி வந்து, என்ன செய்தேன், என்ன ஆயிற்று என்று, தம் பழைய கேள்விக்கே பதிலாக இணைத்துச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள் என்று ஒருவரும், நுனியைக் கிள்ளிவிடுங்கள் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எது பலித்தது என்று யாருக்கும் தெரியாததால்தான் அதே கேள்வி மறுவாரம் மீண்டும் வருகிறது. பலிக்கவில்லை என்று சொல்பவரை யாரும் குறைகூறாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. இப்படி முடிவு தெரிந்த உரையாடல்களை மட்டும் ஒரு குறிப்பேட்டில் பட்டவாரியாக எழுதிவைத்து, ஆனிக் கடைசியில் ஆடிப்பட்டத்துக்கும் மார்கழிக் கடைசியில் தைப்பட்டத்துக்கும் ஒரே செய்தியாகத் தொகுத்து இடுங்கள். ஒரு செய்தியை 30 நாள் வரை குழுவின் மேலே நிறுத்திவைக்கும் வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. இந்த வேலையைப் பட்டத்துக்கு ஒருவராக மாற்றிக்கொண்டால் யாருக்கும் சுமையாகாது.

விதைப் பரிமாற்றத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். என் அனுபவம் அப்படி. கிழித்த நாட்காட்டித் தாளில் மடித்து, மேலே 'சுரை' என்று மட்டும் எழுதிய விதை ஒருமுறை எனக்கு வந்தது. பந்தல் கொள்ளாமல் காய்த்தது. முதல் காயை நறுக்கி நுனிநாக்கில் வைத்தால் கடுங்கசப்பு. சுரை அயல்மகரந்தச் சேர்க்கைப் பயிர்; வேறு செடியின் மகரந்தமும் அதன் பூவில் சேர்ந்துவிடும். தாய்ச்செடிக்கு அருகில் கசக்கும் காட்டுவகையான பேய்ச்சுரை படர்ந்திருந்தால் அந்தப் பருவத்துக் காயில் ஒன்றும் தெரியாது; அதன் விதையை ஊன்றிக் காய்க்கும்போதுதான் தெரியும். கசக்கும் சுரைக்காயைச் சமைத்தாலும் சாறாகக் குடித்தாலும் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயர், ஊர், விதை எடுத்த மாதம், பக்கத்தில் அதே இனத்துச் செடி இருந்ததா என்ற குறிப்பு இருக்கட்டும். தக்காளி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பதால் அதற்கு இவ்வளவு கவலை இல்லை. சுரை, பீர்க்கு, பூசணிக்குக் கட்டாயம். கசந்தால் எறிந்துவிடுங்கள் என்ற ஒற்றை வரி எப்போதும் குழுவின் மேலே நிற்கட்டும்.

வணக்கப் படங்களுக்குத் தடை போட வேண்டியதில்லை. அனுப்புகிறவரைத் தனியே அழைத்து, 'இன்று உங்கள் தோட்டத்தில் பூத்ததைப் படம் எடுத்துப் போடுங்களேன்' என்று சொல்லிப் பாருங்கள். குழுவில் தீராத சிக்கலுக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம் அருகிலேயே இருக்கிறது. செடியின் கிளை ஒன்றை உறையிலிட்டு எடுத்துக்கொண்டு ஒருவர் போய்வந்து, அங்கே சொன்னதைக் குழுவில் சொல்லட்டும்.

இவற்றை அறிவிப்பாகப் போட்டுத் தொடங்க வேண்டாம். உங்கள் மாடியில் இப்போது வாடி நிற்கும் செடி ஒன்றைப் படமெடுத்து, ஊர், வெயில், தண்ணீர் விவரத்தோடு முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள்; பதினைந்தாம் நாள் நீங்களே வந்து விளைவைச் சொல்லுங்கள்.