பழைய டகோமாவில் எதை எடுப்பது?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் தம்பி பழைய டொயோட்டா டகோமா பிக்கப் தேடுகிறான். எந்த வருடம், எந்த டிரிம் (ஒரே மாடலில் வசதிகளைப் பொறுத்த வகை) நல்லது?

பதில்: 2016 முதல் 2023 வரை வந்தது ஒரே தலைமுறைதான், ஆனால் 2020 மாடல் முதல் பார்க்கச் சொல்லுங்கள், அதிலிருந்துதான் ஆப்பிள் கார்ப்ளே (ஐபோனை வண்டியின் திரையில் இணைக்கும் வசதி) உண்டு. டிரைவர் உதவிப் பாதுகாப்பு வசதிகள் 2018லேயே எல்லா டிரிம்மிலும் வந்துவிட்டன. 2.7 லிட்டர் நாலு சிலிண்டர் என்ஜின் வேண்டவே வேண்டாம், 159 குதிரைத்திறன் இவ்வளவு கனமான வண்டிக்குப் போதாது. 278 குதிரைத்திறன் தரும் 3.5 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) என்ஜின்தான் சரி. சேற்றிலும் மண்ணிலும் போவானா? அப்படியானால் டிஆர்டி ஆஃப்ரோடு டிரிம், பின் டிஃபரென்ஷியல் லாக் (பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே வேகத்தில் சுழல வைக்கும் பூட்டு) அதில் இருக்கிறது. டிஆர்டி ஸ்போர்ட் டிரிம்மில் அது இல்லை, அதன் பானட்டில் இருக்கும் ஸ்கூப்பை (காற்றுத் திறப்பு போன்ற மேடு) பார்த்து மயங்க வேண்டாம். ஊருக்குள் மட்டும் ஓட்டினால் வி6 என்ஜின் உள்ள எஸ்ஆர்5 டிரிம் போதும். அப்புறம், கீழே படுத்துச் சேசிஸில் துரு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கட்டும்.