வருஷத்துக்கு ஒரு நாள் ஓடினால் போதாதா?

கேள்வி: எனக்கு வயது 52. கடையில் உட்கார்ந்தே பார்க்கும் வியாபாரம். ஆனால் பதினைந்து வருஷமாக மகா சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் தவறியதில்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல். அப்படிப்பட்ட என்னை, இதயத்துக்கு நல்லது என்று தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்கிறார் டாக்டர். இந்தக் கிழவர் நடை எனக்கு எதற்கு?
– வாசகர், தக்கலை

பதில்: குமரி மாவட்டத்தில் முஞ்சிறையில் தொடங்கி, பன்னிரண்டு சிவன் கோயில்களைத் தொட்டு, திருநட்டாலத்தில் முடிகிற அந்த ஓட்டத்துக்கு நானும் ஒரு வருஷம் போனேன். மூன்றாவது கோயிலான திற்பரப்பிலேயே என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். ஆகவே உங்கள் காலுக்கு என் கும்பிடு. பக்தியைத் தொடப்போவதில்லை; இதயக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

சிவராத்திரி வருஷத்துக்கு ஒன்று. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓட, ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. குழாய் தளர்கிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம் இறங்கியே இருக்கும். அப்புறம் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதனால்தான் டாக்டர் ‘தினமும்’ என்கிறார். போன மாசியில் ஓடிய ஓட்டம் இந்த ஐப்பசியில் உங்களுக்கு எதுவும் செய்யாது.

கடையில் உட்கார்ந்தே இருப்பவர் என்கிறீர்களே, லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்காகவே செய்தது போலிருக்கும். இரட்டை மாடிப் பேருந்துகளை நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, அதே பேருந்துகளில் டிக்கெட் கொடுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. அவர்கள் யாரும் ஓட்டப்பந்தயத்துக்குப் போனவர்கள் இல்லை.

சரி, கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். 1993-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கடும் உழைப்பும் அதையடுத்த ஒரு மணி நேரமும் மாரடைப்பு அபாயத்தை எவ்வளவு கூட்டுகின்றன என்று பார்த்தது. வாரத்தில் ஐந்து நாளாவது பயிற்சி செய்பவர்களுக்கு 2.4 மடங்கு. வாரம் ஒருமுறைகூடச் செய்யாதவர்களுக்கு 107 மடங்கு! அந்தச் சிறிது நேரத்துக்கு மட்டும்தான். ஆனால் வருஷம் முழுக்கக் கல்லாவில் இருந்துவிட்டு ஒரே நாளில் எழுந்து ஓடுகிற நீங்கள் எந்தக் கணக்கில் வருகிறீர்கள் என்று பாருங்கள். பதினைந்து வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்பீர்கள். அப்போது உங்களுக்கு 37 வயது.

கிழவர் நடை என்று யார் சொன்னது? கூட வருபவரிடம் பேச முடிய வேண்டும். ஓட்டத்தில் கூவுவது போல ‘கோவிந்தா, கோபாலா’ என்று உரக்கக் கூவினால் மூச்சு வாங்க வேண்டும். அந்த வேகம் போதும். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம்தான். அதையும் காலை கொஞ்சம், மாலை கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

அந்தப் பன்னிரண்டு கோயில்களில் ஒன்றான கல்குளம் நீலகண்டசுவாமி கோயில் உங்கள் ஊரிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர். பைக்கை வீட்டில் விட்டுவிட்டுத் தினமும் போய் வாருங்கள். நாலு கிலோமீட்டர் வீதம் வருஷத்துக்கு 1,460 கிலோமீட்டர் ஆகிறது. திரும்பும் வழியில் டீக்கடைப் பழம்பொரி கூப்பிடும். அது உங்கள் பாடு.

அடுத்த ஓட்டத்துக்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வழியில் நெஞ்சு அழுத்தினாலோ, தாடையோ இடது கையோ வலித்தாலோ, அடுத்த கோயில்வரை சமாளிக்கப் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.