தாது வருஷத்தில் வந்தவரின் ஊர்

கேள்வி: பெங்களூர் அல்சூரில் ஐந்து தலைமுறையாக வசிக்கிறோம். தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் எள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்தார் என்பார்கள். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்று கையில் இருக்கிறது. பூர்வீக ஊரைக் கண்டறிய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் வேறொரு குடும்பத்தின் வாசலில் போய் நிற்க நேரும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் முனுசாமி மகன் சின்னசாமி, அவர் மகன் மீண்டும் முனுசாமி என்று இரண்டே பெயர்கள் நூறாண்டுக்கு மாறி மாறி வரும். இனிஷியலும் தலைமுறைக்கொன்றாக மாறிவிடும். ஆகவே எவரைக் குறித்தாலும் தகப்பனார் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

ஆண்டில் ஓர் எச்சரிக்கை. தமிழ் வருஷங்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் தாது என்பது 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். பஞ்சத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது 1876இல் தொடங்கியதே. எனினும் அப்பஞ்சம் பெங்களூர் அடங்கிய மைசூர் சமஸ்தானத்தையும் கடுமையாக வாட்டியது என்பதால், அதே ஆண்டில்தான் வந்தார் என்பதை வேறு சான்று கிடைக்கும்வரை உறுதியாகக் கொள்ள வேண்டாம்.

இனி, பத்திரத்தின் முதல் பத்தியை நிதானமாகப் படியுங்கள். பழைய பத்திரங்களில் இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமம், இன்னார் குமாரர் இன்னார் என்று எழுதுவது வழக்கம். "பிதுரார்ஜிதமாகக் கிடைத்த" (தகப்பன் வழியில் வந்த) என்ற சொல் வந்தால், அதை அடுத்து முந்தைய தலைமுறையின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். சாட்சிகளையும் விடாதீர்கள், அவர்கள் பெரும்பாலும் பங்காளிகளாகவோ சம்பந்திகளாகவோ இருப்பார்கள். சொத்துப் பதிவுப் புத்தகத்தையும் அதன் பெயர் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிட 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. பிறப்பு, இறப்புப் பதிவைத் தேடும்போது, அல்சூர் 1949 வரை தனி நகராட்சியாக இருந்த கன்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்தது என்பதைக் கேட்கும் இடத்தில் மறவாமல் சொல்லுங்கள்.

வட ஆற்காடு என்றதும் வேலூரோடு நின்றுவிடாதீர்கள். அந்த ஜில்லாவின் ஒரு பகுதி 1911இல் சித்தூர் ஜில்லாவுக்குப் போயிற்று. எஞ்சியது இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பிரிந்து கிடக்கிறது. பாட்டிமார்கள் பிறந்த ஊரைக் கேட்டால் இந்தப் பரப்பு சுருங்கும், ஏனெனில் அக்காலத்தில் பெண் கொடுத்து எடுத்தது பெரும்பாலும் பக்கத்து ஊர்களில்தான்.

எல்லாவற்றிலும் நான் பெரிதும் நம்புவது குலதெய்வத்தை. முதல் முடி இறக்கவும் காது குத்தவும் உங்கள் வீட்டார் எந்தக் கோயிலுக்குப் போனார்கள் என்று மூத்தவர்களிடம் உடனே கேளுங்கள், அவர்களுக்குப் பிறகு அதைச் சொல்ல ஆளிருக்காது. கோயில் தெரிந்தால் திருவிழா நாளில் செல்லுங்கள். பங்காளிகள் அன்று கூடியிருப்பார்கள். தலைக்கட்டு வரி (கோயிலுக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிப்பது) எழுதும் பழைய நோட்டு பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ இருக்கக்கூடும். அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்காமல், அவர் முன்னிலையிலேயே உட்கார்ந்து, உங்கள் வகையறாவின் கீழ் உள்ள ஒவ்வொரு பெயரையும் தகப்பனார் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள்.