மக்கன் பேடா செய்முறையை மாற்றலாமா?
வணக்கம் அண்ணா. ஆற்காட்டில் உங்கள் கடைக்கு எதிரே புதுக்கடை வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, வருடக்கணக்காக வந்தவர்களே அங்கே போகிறார்கள், பேடா செய்முறையை மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள்.

உங்கள் பேடா எப்படி இருக்கும் என்று அவர்கள் நாக்குக்குத் தெரியும், எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம், ஆனால் எதிர்க்கடையில் என்ன இருக்கிறது என்று தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளும் ஆசையே ஒரு பசி மாதிரிதான். புதிதாக ஒன்றைக் கண்டால் மூளையில் டோபமைன் என்கிற, ஆசையைத் தூண்டும் ரசாயனம் சுரக்கும், பழகப் பழக அந்தத் துள்ளல் அடங்கிவிடும்.

1985 ஏப்ரலில் கோக்க கோலா தன் சுவையையே மாற்றியது. ருசி பார்த்தவர்களில் அதிகம் பேருக்குப் புதியதுதான் பிடித்திருந்தது, ஆனாலும் பழையது கடையில் இல்லை என்றதும் ஜனங்கள் கொதித்துப்போய், 79 நாளில் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அதனால் பேடாவைப் பிட்டால் உள்ளே முந்திரியும் திராட்சையும் பாகில் ஊறி மினுங்குமே, அதில் கை வைக்க வேண்டாம். பக்கத்திலேயே வாரம் ஒரு புது இனிப்பு வையுங்கள், வருகிறவர்களுக்கு ஒரு துண்டு ருசி பார்க்கக் கொடுங்கள். அப்புறம், தீபாவளி வியாபாரம் எப்படிப் போனது என்று அவசியம் எழுதுங்கள் அண்ணா.