கிழித்த இரண்டு தாள்

கேள்வி: எனக்குக் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் ரிப்பேர் வேலை. மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகெல்லாம் கரையில் நிற்கும், எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கூட ஒரு கை இருந்தால் நல்லது. அவனோ நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து இல்லாத தீவுக்கு மேப் போடுகிறான். அந்தத் தீவுக்காரர்கள் பேச ஒரு பாஷை வேறு உண்டாக்குகிறான். நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள். எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டாலே ‘இது தமிழா’ என்று சிரிக்கிறார்கள். இருக்கிற பாஷையையே ஒழுங்காகப் பேசாதவனுக்குப் புது பாஷை எதற்கு? இது சோறு போடுமா? நறுக்கென்று நாலு வார்த்தை எழுதுங்கள். உங்கள் பத்திரிகையை அவன் படிப்பான்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், காசிமேடு

பதில்: நறுக்கென்றே எழுதுகிறேன். ஆனால் முதல் வார்த்தை உங்களுக்கு. அடுத்தவர் நோட்டிலிருந்து தாளைக் கிழிப்பது தப்பு. உங்கள் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து அவன் எனக்குத் தபாலில் அனுப்பியிருந்தால் வீடு என்ன ஆகியிருக்கும்?

சரி, தாள்களுக்கு வருகிறேன். இரண்டு ராத்திரி அவற்றோடு உட்கார்ந்திருந்தேன். முதல் தாளில் மேப். அது சுமார்தான், எல்லாத் தீவையும் போல ஒரு மலை, ஒரு ஆறு, ஒரு கோட்டை. இரண்டாம் தாள் வேறு ரகம். தமிழில் ‘நாங்கள்’ என்றால் எதிரில் இருப்பவர் சேர்த்தி இல்லை, ‘நாம்’ என்றால் அவரும் சேர்த்தி. நமக்கு இது யோசிக்காமல் வாயில் வருகிறது. இங்கிலீஷ்காரருக்கு இரண்டுக்கும் ஒரே ‘வீ’தான். உங்கள் பையன் மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கிறான். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’. பக்கத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: ‘சாப்பிட உட்காரும்போது இதைத்தான் சொல்லணும்.’ எனக்கு இருபத்தைந்து வருஷமாகக் கதைகள் வருகின்றன. இப்படி ஒரு வரியோடு வந்தவை ரொம்பக் குறைவு.

அதே தாளில் இன்னொன்று. ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கிறது என்று காட்ட, வினைச்சொல்லின் வாலில் ‘கினா’ என்று ஒட்டுகிறான். இது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். ‘வந்துகினு கீறான்.’ கொண்டு என்பது கினு ஆனது, இருக்கிறான் என்பது கீறான் ஆனது. போய்கினு, குந்திகினு, இஸ்துகினு என்று எந்த வினையை எடுத்தாலும் விதி மாறுவதில்லை. இதே ‘கொண்டு’ மயிலாப்பூர் அக்ரகாரத்தில் ‘ண்டு’ ஆகி ‘வந்துண்டிருக்கான்’ என்று வந்தது. அங்கே தேய்ந்தால் அழகு, காசிமேட்டில் தேய்ந்தால் அசிங்கமா? சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நீங்களும் ஏன் அவர்களோடு சேர்ந்துகொள்கிறீர்கள்?

வடசென்னை வாயில் புழங்கும் சொற்களுக்கு வம்சாவளி பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். துட்டு, பழவேற்காட்டில் கோட்டை கட்டி இருந்த டச்சுக்காரர்களின் செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். பேஜார் பாரசீகத்தில் கிளம்பி உருது வழியாக வந்தது. நைனா தெலுங்கு. கஸ்மாலம் என்று யாரையாவது திட்டினால் காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் பகவத் கீதை இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் சுலோகத்தைத் திறந்து பார்க்கட்டும். வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ச்சுனனிடம் கண்ணன் முதலில் கேட்பதே, இந்தக் கஸ்மலம் உனக்கு எங்கிருந்து வந்தது என்றுதான். (நம் தெருவில் கேட்கும் தொனி கொஞ்சம் வேறு, ஒப்புக்கொள்கிறேன்.)

இப்படிப் பல பாஷை உரசும் இடத்தில் வளரும் பிள்ளைக்குத்தான் பாஷை என்பது கண்ணுக்குத் தெரியும். அன்று ரஷ்ய ஆட்சியில் இருந்து இன்று போலந்தில் இருக்கும் பியாலிஸ்டாக் என்ற ஊர் அப்படிப்பட்டது. யூதர்களின் இத்திஷ், போலிஷ், ரஷ்யன், ஜெர்மன் என்று தெருவுக்குத் தெரு பேச்சு மாறும், அதை வைத்துச் சண்டையும் வரும். அங்கே 1859-இல் பிறந்த ஸாமென்ஹோஃப், பள்ளிக்கூட நாளிலேயே எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி செய்ய ஆரம்பித்தார். அவருடைய அப்பாவும் உங்களைப் போலத்தான், பிள்ளை டாக்டராக வேண்டும் என்றார். பிள்ளை டாக்டரும் ஆனார், கண் வைத்தியம் பார்த்தார். மொழியையும் விடவில்லை. 1887-இல் வார்சாவில் சின்னப் புத்தகமாக வெளியிட்டார். அச்சுச் செலவுக்குக் கை கொடுத்தவர் மாமனார்! எஸ்பெராண்டோ என்ற அந்த மொழியை இன்றும் பல நாடுகளில் பேசுகிறார்கள். அதையே தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்கூட உண்டு.

சோறு போடுமா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் போடாது. ‘பாகுபலி’யில் காலகேயர்கள் பேசினார்களே கிளிக்கி, அது மதன் கார்க்கி செய்தது. ஹாலிவுட்டில் கிளிங்கான் என்ற வேற்றுக்கிரகப் பேச்சுக்கு இலக்கணம் எழுதிய மார்க் ஓக்ராண்ட் ஒரு மொழியியல் அறிஞர், 1985-இல் அதற்கு அகராதியே போட்டார். இப்படிச் சம்பளம் வாங்கிச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உங்கள் தெருமுனை கேரம் கிளப்பில் ராத்திரி பத்து மணிவரை போரிக் பவுடர் தூவிக் காயைச் சுண்டுகிறார்களே, அவர்களில் எத்தனை பேருக்கு அது சோறு போடுகிறது? அவர்களுடைய தாளை யாரும் கிழிப்பதில்லை.

ஆனால் தடைக்காலத்தில் அவன் உங்களோடு நிற்க வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சி. காலேஜ் விட்டு வந்ததும் இரண்டு மணி நேரம் கிரீஸ் கையோடு நிற்கட்டும். அவனுக்கும் அது லாபம். எஞ்சின் இருமுகிறது, திணறுகிறது, மூச்சு பிடிக்கிறது என்று நீங்கள் சத்தத்துக்குச் சத்தம் வேறு சொல் சொல்வீர்களே, அதை எந்த அகராதியிலும் அவன் பார்க்க முடியாது.

இனி, தம்பி, உனக்கு. அப்பா கேட்டபடி நறுக்கென்று.

உன் சொற்பட்டியலைப் பார்த்தேன். தாளின் பின்பக்கத்தில் எண்பது சொல் இருக்கிறது. அதில் ‘போடு’ என்பதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறாய். கீழே எடுத்துக்காட்டு வாக்கியங்களில் உன் தீவுப் பெண் சோறு போடுகிறாள், கோலம் போடுகிறாள், சண்டை போடுகிறாள், தாழ்ப்பாள் போடுகிறாள், எல்லாம் அந்த ஒரே சொல்லால். இத்தனையையும் ஒரே வினையால் ‘போடுவது’ நாம். உன் தீவுக்காரர்கள் ஏன் அப்படிச் செய்யணும்? ‘தலைவலி’யையும் தலைக்கான சொல்லோடு வலிக்கான சொல்லை ஒட்டித்தான் செய்திருக்கிறாய். நாங்கள் சின்ன வயதில் எழுத்துக்கு எழுத்து ‘க’ சேர்த்து ‘கநீ கவா’ என்று க-பாஷை பேசினோம். பெரியவர்களை ஏமாற்ற அது போதும். நன்னூல் இந்த மாதிரி மறைபேச்சுக்குக் குழூஉக்குறி என்று பெயர் வைத்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்று பள்ளியில் படித்திருப்பாய். சொல்லை மட்டும் மாற்றினால் அந்த இடத்தோடு நின்றுவிடும். உன் மூன்றாவது ‘நாம்’ அதைத் தாண்டிவிட்டது. இந்தப் பட்டியல் தாண்டவில்லை.

கிளிங்கானில் ஓக்ராண்ட் என்ன செய்தார் தெரியுமா? வாக்கிய வரிசையைப் புரட்டினார். முதலில் மீன், அப்புறம் தின்றது, கடைசியில் தின்ற ஆள். உலகில் மிகச் சில மொழிகளுக்கே அது இயல்பான வரிசை, அதனால்தான் வேற்றுக்கிரகத்துக்குத் தேர்ந்தெடுத்தார். (‘மீன் தின்றான் அவன்’ என்றால் தமிழனுக்கு ஒன்றும் ஆகாது, சினிமாப் பாட்டு என்று நினைத்துக்கொள்வான்.) நீயும் அப்படியே புரட்டு என்று சொல்ல வரவில்லை. எங்காவது ஓரிடத்தில் தமிழ் செய்யாத ஒன்றை உன் மொழி செய்யட்டும்.

மேப் விஷயத்துக்கு வருகிறேன். கோட்டை இருக்கிறது, ராஜா பெயர் இருக்கிறது, நாலு தலைமுறைப் போர் இருக்கிறது. அவர்கள் காலையில் என்ன தின்கிறார்கள்? ஒரு நிலத்தைப் பாட்டில் கொண்டுவர என்னென்ன வேண்டும் என்று தொல்காப்பியம் ஒரு வரிசை தருகிறது: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். ராஜா அதில் இல்லை, கவனி. பறை இருக்கிறது. நெய்தல் நிலத்துப் பறை வேறு, குறிஞ்சிப் பறை வேறு. உன் தீவில் படகு திரும்பும்போது கரையில் என்ன அடிக்கிறார்கள்? அது தெரிந்தால் அதற்கு ஒரு சொல் தானாக வரும், அந்தச் சொல்லிலிருந்து நாலு சொல் கிளைக்கும். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் ஆக்ஸ்போர்டில் பழைய இங்கிலீஷ் கற்பித்தவர். பின்னிஷ் இலக்கணத்தில் சொக்கிப்போய் அதன் சாயலிலும் ஒரு மொழி செய்தார். தான் செய்த மொழிகளைப் பேச ஆட்கள் வேண்டுமே என்றுதான் உலகத்தைக் கட்டினார். உன்னிடம் நல்ல ‘நாம்’ ஒன்று கையில் இருக்கிறது. கோட்டையை அழித்துவிட்டு அந்தச் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து ஆரம்பி.

அப்பாவுக்குக் கடைசியாக ஒன்று. இரண்டு தாளையும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டேன். செலோ டேப் போட்டு ஒட்ட வேண்டாம், மஞ்சளாகிவிடும். அப்படியே அவன் கையில் கொடுங்கள். பின்பக்கத்தில் கடைசிக்கு முந்தின வரியில் ‘துவேலா’ என்று ஒரு சொல் இருக்கிறது, நேரே பொருள் எழுதாமல் விட்டிருக்கிறான். என்னவென்று அவனிடம் கேட்டு எழுதுங்கள்.