எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன்: பெங்களூரு வாசகர்களுக்குப் பதில்கள்

உலோகவியலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், நம் நகரத்துத் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

பீன்யாவில் முலாம் பட்டறை நடத்துகிறேன் ஐயா. 12.9 என்ற மிக வலிமையான தர போல்ட்டுகளுக்குத் துத்தநாக முலாம் பூசிக் கொடுத்தோம். முடுக்கி இரண்டு நாள் கழித்துத் தலை தெறிக்கிறதாம். எஃகு மட்டமா?

எஃகை அவசரப்பட்டு ஏசாதீர்கள். முடுக்கும்போது தாங்கிவிட்டுப் பிறகு உடைவது பெரும்பாலும் ஹைட்ரஜனின் கைவரிசை. துரு நீக்கும் அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் புகுகின்றன. பிறகு இழுவிசை மிகுந்த மரைப் பள்ளத்துக்கும் தலையின் கழுத்துக்கும் மெல்ல நகர்ந்து சேர்ந்து, அங்கே எஃகை நொறுங்க வைக்கின்றன. அந்த நகர்வுக்குத்தான் இரண்டு நாள்.

புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்ற, முலாம் பூசிய நான்கு மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வையுங்கள். முலாமின் மேல் பூசும் குரோமேட் காப்புப் பூச்சு அதற்குப் பிறகுதான். முன்பே பூசினால் சூட்டில் கெட்டுவிடும். துத்தநாகப் படலம் ஹைட்ரஜனை எளிதில் வெளியே விடாது என்பதால், அமிலத்தில் ஊறும் நேரத்தைக் குறைப்பதே முதல் வைத்தியம். வாடிக்கையாளரிடமும் கேளுங்கள்: 8.8 தரம் போதுமான இடத்தில் 12.9 எதற்கு? வலிமை கூடக் கூட இந்த நோயும் கூடும். சான் பிரான்சிஸ்கோ - ஓக்லாந்து பாலத்தில் 2013-இல் இறுக்கப்பட்ட 96 நங்கூரத் தண்டுகளில் 32 சில நாள்களில் முறிந்தன. அவையும் துத்தநாகம் பூசிய, மிகக் கடினமான எஃகுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சிக்கலா?

இல்லை. அமிலத்தில் நனைந்த இரும்புக் கம்பி நொறுங்குவதையும், முறிந்த முகத்தில் நீர் பட்டால் குமிழி வருவதையும் ஜான்சன் என்பவர் 1875-லேயே எழுதிவிட்டார்.

பொறியியல் மாணவி நான். ஹைட்ரஜனைத் தாங்கும் மலிவான எஃகை எப்படிச் செய்வது? 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகைப் போட்டால் போதும் என்கிறார்கள்.

போதும்தான், பணம் இருந்தால். அதில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் நிக்கல். மலிவான வழி, நயோபியம், வனேடியம், டைட்டானியம் போன்றவற்றைச் சிட்டிகை அளவு சேர்ப்பது. அவை கார்பனோடு சேர்ந்து நானோமீட்டர் அளவுத் துகள்களாகி, அலையும் ஹைட்ரஜனை எலிப்பொறி போலப் பிடித்துவைக்கும். நயோபியம் கார்பைடின் விளிம்பில் அது சிக்கியிருப்பதைச் சிட்னி ஆய்வாளர்கள் 2020-இல் அணு அளவில் படம்பிடித்தே காட்டினார்கள்.

ஆனால் இந்தப் பொறிகளைச் சர்வரோக நிவாரணியாக விற்பவர்களை நம்பாதே அம்மா. உள்ளே புகுந்த ஹைட்ரஜன் கொஞ்சம்தான் என்றால், உனக்கு முன் கேட்ட பட்டறைக்காரரின் போல்ட்டைப் போல, அவை காப்பாற்றும். குழாயிலோ உருளையிலோ வாயு ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் பொறிகள் நிரம்பிவிடும். நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியத்தான் செய்யும். அங்கே கவர்ச்சியில்லாத வழிதான் மலிவு: மிதமான வலிமை, சற்றுத் தடித்த சுவர், கந்தகம் குறைந்த சுத்தமான எஃகு, கடினப்படாத வெல்டிங். எக்ஸ்52 போன்ற பழைய குழாய் எஃகுகள் இன்றும் ஹைட்ரஜனுக்குப் பேசப்படுவது அதனால்தான். வாயுவில் துளி ஆக்சிஜன் இருந்தால் எஃகின் மேற்பரப்பில் அது இடம்பிடித்து ஹைட்ரஜனைத் தடுக்கும் என்பதும் ஆய்வில் தெரிந்ததே.

நிக்கலுக்குப் பதில் மாங்கனீசு என்று உன் பேராசிரியர் சொல்வார். விலை குறையும், உண்மை. ஆனால் அந்த எஃகுகளை வளைத்து அழுத்தி வடித்தபின் தாமதமாக விரிசல் விடும் தொல்லை உண்டு. கொஞ்சம் அலுமினியம் சேர்த்தால் அது தணியும். ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறாய் என்றால் இதை எடு.

கோரமங்கலா அடுக்ககத்தில் இருக்கிறோம். குழாய் எரிவாயுவில் ஹைட்ரஜன் கலந்தால் வீட்டுக் குழாய் உடையுமா?

இந்தக் காரணத்தால் உடையாது. தெருவுக்குள் வருவது பெரும்பாலும் பாலிஎதிலீன் குழாய். அதற்கு இந்த நோய் கிடையாது. வீட்டுக்குள் இருப்பது செம்போ, வலிமை குறைந்த சாதாரண எஃகோ. அழுத்தமும் மிகக் குறைவு. கவலைப்படுவதென்றால் அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயைப் பற்றிக் கவலைப்படுங்கள். வெடிப்பு விட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள்.