வெறுப்புப் பேச்சும் சட்டமும்: ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

கே: திருவிழா மேடையில் ஒருவர், குறிப்பிட்ட சமூகத்தாரை ஊரைவிட்டே விரட்டுங்கள் என்று பேசினார். காணொளி இருக்கிறது. 'அரசு அனுமதி இல்லாமல் வழக்குப் பதிய முடியாது' என்கிறது காவல் நிலையம். உண்மையா?

பதில்: இல்லை. சமூகங்களிடையே பகை மூட்டுவதைத் தண்டிக்கும் பிரிவு, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196 (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 153ஏ). அதில் வழக்குப் பதிய அனுமதி தேவையில்லை. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்கத்தான் தேவை. புகாரே வராவிட்டாலும் தாமாக முன்வந்து பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. சிக்கல் பிறகுதான். நான் நடத்திய ஒரு வழக்கில் குற்றப்பத்திரிகை தயார், அனுமதிக் கடிதம் மட்டும் வரவில்லை. வாய்தாவுக்கு வாய்தா அவிழ்த்துக் கட்டியே வழக்குக் கட்டின் நாடா நைந்துபோனது. பேசியவரோ அதற்குள் இரண்டு தேர்தல்களில் பிரசாரம் செய்துவிட்டார்.

காணொளியின் அசலைப் பத்திரப்படுத்துங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கே: இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளுக்கான 66ஏ பிரிவில் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) புகார் கொடுக்கலாமா?

பதில்: அது செல்லாது என்று 2015 மார்ச் 24 அன்றே தீர்ப்பாகிவிட்டது.

கே: எங்கள் தலைவரைத் திட்டுவது வெறுப்புப் பேச்சுதானே?

பதில்: தலைவர் ஒரு சமூகம் அல்ல.

கே: ஜெர்மனியைப்போல் கடுமையான சட்டம் வந்தால் சரியாகிவிடும் அல்லவா?

பதில்: அங்கே ஐந்தாண்டு வரை சிறை, இங்கே மூன்றாண்டு. அந்த இரண்டாண்டுக்குப் பயந்தா நம் மேடைப் பேச்சாளர் வாயை மூடப்போகிறார்? 1927இல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் வந்த 295ஏ பிரிவைப் பாருங்கள். மத உணர்வைப் புண்படுத்துவதைத் தடுக்க வந்தது, எழுத்தாளர்கள்மீதும் நகைச்சுவைக் கலைஞர்கள்மீதும் பாய்ந்திருக்கிறது. வாசகம் அகலமாக இருந்தால், ஆள்பலம் உள்ளவன் கையில்தான் அது போய்ச் சேரும். அமெரிக்கா 1969இல் வேறு கோடு போட்டது: உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும், அது நடக்கும் வாய்ப்பும் இருந்தால்தான் குற்றம். நமக்கு அது போதாது. இங்கே கலவரம் பல மாதப் பேச்சில் ஊறி வருவது.

கே: அப்படியானால் அந்த அரசு அனுமதியை ஒழித்துவிடலாமே?

பதில்: ஒழித்தால், ஒரு கதை எழுதியவரை நாலு மாநில நீதிமன்றங்களுக்கு இழுத்தடிப்பார்கள்.

கே: இரண்டு பக்கமும் பேசுகிறீர்கள்!

பதில்: பேசவில்லை. அனுமதி இருக்கட்டும், கெடு வையுங்கள். தொண்ணூறு நாளில் அரசு வாய் திறக்காவிட்டால் நீதிபதியே முடிவு செய்யட்டும்.

கே: 66ஏ...

பதில்: மேலே பாருங்கள்.

கே: முதல் கேள்வி கேட்டவன் நான்தான். கண்டித்து எழுதித்தான் காணொளியைப் பகிர்ந்தேன். தவறா?

பதில்: எத்தனை பேர் பார்த்தார்கள்? அத்தனை பேருக்கும் அவர் பேச்சை நீங்களே கொண்டுசேர்த்திருக்கிறீர்கள். முதலில் நீக்குங்கள். எடுத்த தேதி, நேரம், இடத்தைத் தாளில் எழுதி வையுங்கள். எடுத்த கைப்பேசியை விற்றுவிடாதீர்கள்.